ஒன்பது வயது முதுகுக் குட்டி

மொட்டைப்பாறை அடிவாரத்துக் குகையில் ஒரு கரடியார் இருந்தார். அவர் ஒரு புலி வளர்த்தார்.

இது ரகசியம் ஒன்றும் இல்லை. வெள்ளியோடைக் காட்டில் எல்லோருக்கும் தெரியும். வெளிக்காட்டிலிருந்து யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும், இரண்டாம் நாள் அவர்களை மொட்டைப்பாறைக்குத்தான் கூட்டிப்போவார்கள். குகை வாசலை ஒரு பெரிய உருண்டைக் கல் அடைத்திருக்கும். அதை உருட்டக் கரடியார் ஒருவரால்தான் முடியும். அவர் கல்லை ஒரு சாண் நகர்த்துவார். “பாப்பா, எல்லாருக்கும் முகத்தைக் காட்டு” என்பார். உள்ளே இருந்து ஒரு பெரிய வரிவரியான முகம் இடுக்கில் வந்து நிற்கும். விருந்தாளிகள் ஆவென்று வாயைப் பிளப்பார்கள். கொண்டுவந்த தேனடையையோ பலாச்சுளையையோ வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. எழுந்து நின்றால் முதுகு குகைக் கூரையில் இடிக்கும். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் முதலில் பின்னால் நகர்ந்து, தலையை மடக்கி, அதன் பிறகு உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். குகையின் தரை முழுக்கப் பாறை. அந்தத் தரையால்தான் எல்லாத் தொல்லையும் வந்தது.

வெள்ளியோடைக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. தன் தடம் பதித்த எந்த உயிரையும் யாரும் அடைத்து வைக்கக் கூடாது. அதன் பல்லையோ நகத்தையோ எடுக்கக் கூடாது. பசிக்கு வேட்டையாடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. அடைத்து வைப்பதையும் பல், நகம் எடுப்பதையும் மட்டும் தடுத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் தடம் பதிப்பது என்றால் என்ன? கோடையின் முதல் மழை பெய்த ஐந்தாம் நாள் ஓடை மணலைச் சமன்படுத்துவார்கள். அன்றைக்கு மணல்நாள். காட்டிலுள்ள ஒவ்வொருவரும் அந்த மணலில் நடந்து அக்கரைக்குப் போக வேண்டும். ஆள்காட்டிக் குருவியார் ஒவ்வொரு தடத்தையும் குனிந்து பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வார். தடம் விழுந்தவருக்குச் சட்டம் உண்டு. தடம் விழாதவர் அந்தக் காட்டில் இல்லை.

பாறைத் தரையில் தடம் விழாது. மணலுக்குப் போகவோ பாப்பாவுக்கு வழி கிடையாது.

இனி சிமிழி. அவள் ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். சருகோடு சருகாகப் பதுங்கியே பிழைத்துவந்த குலம் அது. அவர்களில் யாரும் காட்டு மன்றத்தின் பக்கம் போனதில்லை. சிமிழிதான் முதன்முதலாக மன்றத்து மருதமரத்தடியில் மூன்று வருடம் உட்கார்ந்து, காட்டுச் சட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்தவள். மன்றத்தில் சட்டம் ஓதும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது அவளுக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அந்த நிச்சயம் வரவில்லை. ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வதற்கு முன் மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்க்கிற சுபாவம் அவளுக்கு.

அந்த வருடம் முதல் மழை பெய்த நாளில் அவளுடைய சித்தி வீட்டார் வந்திருந்தார்கள். வழக்கம்போல அவர்களை மொட்டைப்பாறைக்குக் கூட்டிப்போனாள். கரடியார் நல்ல உற்சாகத்தில் இருந்தார். மணல்நாளுக்கு மறுநாள் தன் குகை வாசலில் தேன் விருந்து என்றார். இந்த வருட விருந்தில் ஒரு புதுமையும் உண்டாம். பிள்ளைகள் எல்லோரும் பாப்பாவின் முதுகில் ஏறி உட்காரலாமாம்.

சித்தி தன் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். “புலி முதுகுலயா?”

“பயப்படாதீங்கம்மா. பெருச்சாளிங்களுக்குச் சொல்லி விட்டிருக்கேன். நகத்தையெல்லாம் வேரோட கொறிச்சு எடுத்துடுவாங்க. அப்புறம் கோரைப்பல்லு. கொஞ்சங்கூட வலிக்காது.”

யாருக்கு வலிக்காது என்று அவர் சொல்லவில்லை.

விருந்தாளிகள் கீழே இறங்கினார்கள். கரடியார் அவர்களுக்கு வழிகாட்டப் போனார். சிமிழி மட்டும் பின்தங்கினாள். கல்லின் இடுக்கில் வரிமுகம் இன்னும் இருந்தது.

“நீதானே சட்டம் படிச்ச பொண்ணு?” என்று கேட்டாள் புலி. “வர்றவங்க பேசிக்குவாங்க. நகம் போனா எனக்கு என்ன ஆகும்?”

சிமிழி யோசித்துத்தான் பதில் சொன்னாள். “அதுக்கப்புறம் வெளிய விட்டாலும் உங்களால வேட்டையாட முடியாது. சாகிற வரைக்கும் இங்கதான்.”

“இப்ப விட்டா?”

“இப்ப விட்டா பொழைச்சுக்குவீங்கன்னு நினைக்கிறேன்.”

“பொழைச்சுக்குவேன். இந்த இருட்டுக்குள்ள வர்ற வௌவாலையே பிடிக்கிறேன்.” புலி மூக்கை இடுக்கில் இன்னும் கொஞ்சம் நுழைத்தாள். “எனக்குன்னு சட்டம் எதுவும் இல்லையா?”

சிமிழி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள். “நீங்க வெளிய வந்தா என்னைச் சாப்பிடுவீங்களா?”

“பசிச்சாச் சாப்பிடுவேன். உங்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? ஆனா உன்னைச் சாப்பிட்டு யாருக்கும்மா பசி ஆறும்?”

அன்று முழுக்க சிமிழிக்குத் தழை இறங்கவில்லை. அம்மாவிடம் சொன்னாள். அம்மா பயந்துபோனாள். மன்றத் தலைவரும் கரடியாரும் சேர்ந்து தேன் சாப்பிடுகிறவர்கள், வேலை கைக்கு வருகிற நேரத்தில் இதெல்லாம் உனக்கு எதற்கு என்று கேட்டாள். அதிலும் புலிக்காகவா என்று கேட்டாள். இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனாலும் சிமிழி மறுநாள் காலை மன்றத்துக்குப் போனாள்.

மன்றத் தலைவர் ஒரு காட்டுமாடு. பாறை போல இருப்பார். எந்த வழக்கையும் அசைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார். சிமிழி வழக்கைச் சொல்லி முடித்ததும், அவர் பக்கத்தில் நின்ற ஆள்காட்டிக் குருவியாரைப் பார்த்தார்.

ஆள்காட்டியார் கண்ணை மூடித் திறந்தார். ஓடைக்கு மேற்கே ஆண் புலி ஒன்று, கிழக்கே பெண் புலி இரண்டு, குட்டி ஒன்று. போன மணல்நாள் நிலவரம் இதுதான். மொட்டைப்பாறையில் புலித் தடம் எதுவும் இல்லை. ஆகவே அங்கே புலி இல்லை.

“இருக்குங்க ஐயா. நேத்து நான் பார்த்தேன்” என்றாள் சிமிழி.

“தடத்தைப் பார்த்தியா?”

“புலியைப் பார்த்தேன்.”

“நான் கேட்டது தடத்தை.”

அவள் தலைவரின் பக்கம் திரும்பினாள். மன்றத்தார் ஒரு நடை மொட்டைப்பாறைக்கு வந்து பார்த்தால் போதும் என்றாள். தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். கரடியாரின் குகை கரடியாரின் வீடு. அடுத்தவர் வீட்டுக்குள் மன்றம் நுழைவது அழகில்லை என்றார்.

சிமிழி மனதுக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “ஐயா, போன வாரம் நீங்களே அங்க வந்திருந்தீங்க. பாப்பாவைப் பார்த்து, என்ன ஒரு களைன்னு சொன்னீங்க.”

“விருந்தாளியாப் பார்த்தேன்மா. தலைவரா இன்னும் பார்க்கலையே.”

மன்றத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்களும் விருந்தாளியாகப் பார்த்தவர்கள்தான். ஒருவர்கூட மீதியில்லை. ஆனாலும் சிமிழி நகரவில்லை என்பதால், கரடியாரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் கரடியார் வந்தார். கையில் தேனடையோடுதான் வந்தார். சிமிழியைப் பார்த்து அவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் செத்துக் கிடந்த தாய்ப்புலியின் பக்கத்தில் கண் திறக்காத குட்டியாகப் பாப்பாவைக் கண்டாராம். எறும்பு மொய்த்துக் கிடந்தாளாம். ஒவ்வொரு எறும்பாகப் பொறுக்கி எடுத்து, தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு வந்தாராம்.

“என் வாயில வைக்கிறதை அவ வாயில வெச்சு வளர்த்தேன். அவளைப் போய்ப் புலிங்கிறீங்க. அவ என் முதுகுக் குட்டி” என்றார்.

மன்றத்தில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆள்காட்டியாரோ நிமிர்ந்து நின்றார். முதுகுக் குட்டி என்ற சொல் சட்டத்தில் இருந்தது.

கரடிகள் தங்கள் குட்டிகளை முதுகில் சுமப்பது வழக்கம். முதுகில் இருக்கிற குட்டியின் கால் மணலில் படாது. அதனால் அதற்குத் தனித் தடம் கிடையாது. சுமப்பவரின் தடத்துக்குள்ளேயே அது அடங்கும். அதன் காரியத்தில் சுமப்பவர் வைத்ததே முடிவு. ஒன்பது வருடத்துக்கு முந்தைய மணல்நாளில் கரடியாரின் தடம் வழக்கத்தைவிட அரை விரல் ஆழமாக இருந்தது என்று ஆள்காட்டியார் நினைவுகூர்ந்தார். கரடி ஒன்று, முதுகில் குட்டி ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை அவர் அப்படியேதான் சொல்லிவருகிறார்.

“ஆக, சட்டப்படி அவ இன்னும் கரடியார் முதுகுலதான் இருக்கா” என்றார்.

“ஐயா, அவ ஒன்பது வயசுப் புலி. கரடியாரைவிட நீளம்.”

“வயசைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லையேம்மா.”

அந்தச் சட்டத்தில் இன்னும் வரிகள் இருந்தன. சிமிழி அவற்றை ஓத வாயெடுத்தாள். தலைவர் “போதும்மா, தெரியும்” என்று சொல்லிவிட்டார். சிமிழிக்குத் தடுமாறிப்போயிற்று. நாக்கு நுனியில் இருந்த வரி உள்ளே போய்விட்டது. அதற்குள் புள்ளிமான் கூட்டத்துப் பெரியவர் எழுந்தார். புலி உள்ளே இருக்கிறவரை எங்கள் கன்றுகளுக்கும் பயமில்லை, அவளுக்கும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, இதில் யாருக்கு என்ன குறை என்று கேட்டார். மான் இனத்தில் பிறந்துவிட்டு மானுக்கு எதிராகப் பேசுகிறாளே என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

தலைவர் அசைபோட ஆரம்பித்தார். மூன்று நாள் அசைபோட்டுத் தீர்ப்புச் சொல்வதாகச் சொன்னார். மூன்றாம் நாள் என்பது தேன் விருந்து நாள். சிமிழி அதைச் சுட்டிக்காட்டினாள். அப்படியானால் விருந்து முடிந்து சொல்கிறேன் என்றார் தலைவர், பெருந்தன்மையோடு.

சிமிழி அங்கிருந்து நேராக மொட்டைப்பாறைக்கு ஓடினாள். கல் வழக்கம்போல வாசலை அடைத்திருந்தது. அதன் அடியில் இருந்த சந்து வழியாக இரண்டு பெருச்சாளிகள் வெளியே வந்தார்கள். வாயைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களிடம் ஒளிவுமறைவு இல்லை. வலது முன்கால் முடிந்துவிட்டது என்றார்கள். தோலை உரித்து நகத்தின் வேர் வரை போக வேண்டியிருந்ததாம். எருமைக்கொம்பு மாதிரி நகமாம், தங்கள் பல்லே மழுங்கிவிட்டதாம். அதற்கு இரண்டு நாள் ஓய்வு. மணல்நாள் சாயங்காலம் வந்து இடதுகால். விருந்தன்று விடிவதற்குள் பல்லையும் பார்த்துவிடுவார்களாம்.

“அவ கத்தலையா?” என்று கேட்டாள் சிமிழி.

“கத்தினா கரடியார் தேன் தடவி விடுவாரு” என்றான் ஒருவன்.

சந்து வழியாகப் பார்த்தாள். புலி தன் வலது முன்காலை நக்கிக்கொண்டிருந்தாள். தலையை உயர்த்தவில்லை. “போன காரியம் என்னாச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“அசைபோடுறாங்க” என்றாள் சிமிழி. அதைச் சொல்லவே அவளுக்குக் கேவலமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது, விட்டுப்போன வரிகளை முதலிலிருந்து ஓதிக்கொண்டே வந்தாள். கோபத்தை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். முதுகுச் சட்டத்தின் நான்காம் வரியில் அவள் கால் நின்றுவிட்டது. மூன்று வருடமாக அந்த வரியை ஓதியிருக்கிறாள். அதற்கு அர்த்தம் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. சுமப்பவர் ஒவ்வொரு மணல்நாளிலும் குட்டியைச் சுமந்தே மணலைக் கடக்க வேண்டும். குட்டியின் கால் மணலில் பட்டால், அந்தக் கணத்திலிருந்து அது தன் தடத்தில் நிற்கும்.

கரடிக் குட்டிகள் இரண்டு வயதுக்குள் தானாகவே இறங்கி ஓடிவிடும். அதனால் இந்த வரி இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் காலை சிமிழி மன்றத்துக்குப் போகவில்லை. ஆள்காட்டியார் ஓடைக்கரையில் மணலைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் அந்த வரியை ஓதினாள். பிறகு, போன வருடம் கரடியார் எப்படிக் கடந்தார் என்று கேட்டாள்.

“எப்பவும் போலத்தான். கரடி ஒன்று, முதுகில் குட்டி ஒன்று.”

“குட்டியைப் பார்த்தீங்களா ஐயா?”

ஆள்காட்டியார் வழக்கம்போலக் கண்ணை மூடித் திறந்தார். போன வருடம் கரடியார் தனியாகத்தான் வந்தார். அதற்கு முந்தைய வருடமும் தனியாகத்தான். தடத்தின் ஆழமும் ஒற்றைக் கரடியின் ஆழம்தான். முதல் வருடம் சொன்னதைத்தான் ஆள்காட்டியார் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார். புலியின் கதை கேட்டபோதெல்லாம் அசையாதவர், இதைக் கேட்டதும் கால் மாற்றி மாற்றி ஒற்றைக் காலில் நின்றார்.

“எட்டு வருஷமா என் வாய்ல தப்பு வந்திருக்கு” என்றார். “எட்டு வருஷம்!”

நாளைக்குக் கரடியார் குட்டியைச் சுமந்துதான் கடக்க வேண்டும் என்று அப்போதே ஆள் அனுப்பத் தயாரானார். இதற்குத் தலைவர் தேவையில்லை, மணல் விஷயம் தன்னுடைய அதிகாரம் என்றார். சிமிழிக்கு மனம் கேட்கவில்லை. முழுதாகச் சொல்லிவிடுவதுதான் சரி என்று பட்டது. கரடியாரால் பாப்பாவைத் தூக்க முடியாது, அவள் கால் மணலில் படும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றாள்.

“அது என் பாடு இல்ல” என்றார் ஆள்காட்டியார். “கால் பட்டா பட்டதுன்னு சொல்லுவேன். படலைன்னா படலைன்னு சொல்லுவேன்.”

ஆள் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று சிமிழி மொட்டைப்பாறைக்குப் போனாள். அங்கே மான்களும் குரங்குகளுமாக விருந்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரடியார் அவள் சொன்னதைக் கேட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

“இதுல என்னம்மா சூது?”

“சூது இல்லீங்க. சட்டத்துல இருக்கு. நீங்க சுமக்கணும். உங்களால முடியாதுன்னு நான் நினைக்கிறேன். விழுந்தீங்கன்னா அவ கால் மணல்ல பட்டுடும். அதுக்கப்புறம் அவளை நீங்க அடைச்சு வைக்க முடியாது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

அவ்வளவு வெளிப்படையாக அவள் சொன்னதால்தான் காரியம் நடந்தது. பந்தல் போட்டவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கரடியாரையே பார்த்தார்கள். ஒரு குரங்கு, அண்ணனுக்கு வயசாயிடுச்சுல்ல என்றது. முடியாது என்று அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வார்?

“என் குழந்தை எனக்குப் பாரமா? இந்தக் கல்லையே தினம் உருட்டுறேன். நாளைக்கு வந்து பாருங்கடா” என்றார் கரடியார்.

மணல்நாள் வந்தது. ஓடையின் இரு கரையிலும் கூட்டம். தலைவர் அசைபோட்டபடியே வந்து நிழலில் நின்றார். தீர்ப்பு இன்னும் அவர் வாய்க்குள்தான் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் கடந்து முடித்த பிறகு, காட்டுக்கொடியைப் பாப்பாவின் கழுத்தில் கட்டிக் கரடியார் அவளைக் கூட்டிவந்தார்.

வெயிலில் அவளை யாரும் அதுவரை பார்த்ததில்லை. கண் கூசி, நொண்டி நொண்டி வந்தாள். ஒரு சாண் இடுக்கில் பார்த்த முகத்துக்குப் பின்னால் இவ்வளவு உடம்பு இருந்தது என்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. மான்கள் பத்தடி பின்னால் போனார்கள்.

கரடியார் கரையிலிருந்த பாறைமேல் குனிந்தார். “ஏறு பாப்பா” என்றார். அவள் ஏறினாள். ஒன்பது வருடமாகச் சொன்னதைச் செய்து பழகியவள். கரடியார் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். கூட்டம் ஆரவாரித்தது. முதல் அடியில் அவர் பாதம் கணுக்கால் வரை புதைந்தது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது அடியில் முழங்கால் நடுங்கியது.

“பாப்பா, காலைத் தூக்கிக்கோ. கீழ பட்டுடக் கூடாது” என்றார் மூச்சு வாங்க.

பாப்பா தூக்கிக்கொண்டாள்.

சிமிழிக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு விரற்கடை கீழே மணல். காலைத் தொங்கவிட்டால் போதும். நகம் பிழைக்கும், காடு கிடைக்கும். அவளோ நான்கு கால்களையும் மடக்கி, கரடியாரின் முடியைப் பற்றிக்கொண்டு, கீழே விழாமல் கவனமாக உட்கார்ந்திருந்தாள். நகம் போன காலால்கூடப் பற்றப் பார்த்தாள். ‘இறங்கு’ என்று கத்தச் சிமிழி வாயெடுத்தாள். ஆனால் மணலில் நடக்கிறவருக்குக் கரையிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்பதும் சட்டம். அதையும் அவள்தான் மனப்பாடம் செய்திருந்தாள்.

எட்டாவது அடியில் கரடியார் முகம் குப்புற விழுந்தார்.

கூட்டம் எட்டிப் பார்த்தது. பாப்பா இன்னும் அவர் முதுகின்மேல்தான் இருந்தாள். நான்கு பாதமும் கறுப்பு முடியின்மேல். ஆள்காட்டியார் பறந்து போய்த் தரையோடு தரையாகத் தலையை வைத்துப் பார்த்தார்.

“படலை” என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். கரடியார் எழப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தார். மூக்கிலும் வாயிலும் மணல் ஏறியது. பாப்பா அசையாமல் இருந்தாள். அசையாமல் இருப்பதில் அவளுக்கு ஒன்பது வருடப் பழக்கம். தலைவர் அசைபோடுவதைக்கூட நிறுத்திவிட்டார். கரடியாரின் கை மணலை இரண்டு தட்டுத் தட்டியது.

“எறங்கு பாப்பா” என்று அடியிலிருந்து குரல் வந்தது. “மூச்சு முட்டுது. எறங்கு.”

அவள் இறங்கினாள். அவர் சொன்னதால் இறங்கினாள்.

முதலில் வலது முன்கால். பிறகு மற்ற மூன்று. ஆள்காட்டியார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இரு கரைக்கும் கேட்கும்படி சொன்னார். “புலி ஒன்று. பெண். தன் தடம்.”

அதன் பிறகு அங்கே பெரிய கூச்சல். மான்கள் அவளைத் திரும்ப உள்ளே விடச் சொன்னார்கள். தலைவர், இது புதுச் சூழ்நிலை, இதையும் சேர்த்து அசைபோட வேண்டும் என்று ஆரம்பித்தார். தடம் விழுந்துவிட்டது, இனி அசைபோட ஒன்றும் இல்லை என்று ஆள்காட்டியார் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். பெருச்சாளிகள் சத்தமில்லாமல் வளைக்குப் போய்விட்டார்கள். கரடியார் மணலில் உட்கார்ந்து அழுதார். நிஜமாகவே அழுதார். இனி இவளுக்கு யார் சோறு போடுவார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

பாப்பா என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் புலி மணலில் நான்கு எட்டு வைத்தாள். நின்று, தன் தடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உடம்பை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினாள். எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. மறுபடியும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்த கொடியை இடதுகால் நகத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, அக்கரை நாணலுக்குள் நொண்டியபடி போனாள்.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் சிமிழியைக் கூப்பிட்டார். நல்லபடியாக முடிந்தது, மன்றம் ஒரு புலியைக் காப்பாற்றியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

“ஒரு கால் போச்சுங்க ஐயா. நகம் திரும்ப வளருமான்னு தெரியலை. அவ வேட்டையாடிப் பழகுற வரைக்கும் கரடியார் தினம் ஓடைக்கரையில மீன் வைக்கணும். அதுக்கு ஒரு உத்தரவு வேணும்.”

“அது தனி வழக்கும்மா. தனியாக் குடு.”

“குடுக்கிறேன். இன்னொண்ணும் கேக்கணும். இனிமே யாராவது யாரையாவது அடைச்சு வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா, மணலைப் பார்க்காதீங்க. நேர்ல போய்ப் பாருங்க.”

“தெரிஞ்சாத்தானேம்மா போக முடியும்?”

சிமிழி இதை மனதுக்குள் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. “உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இந்தக் காட்டுல தெரியாதவங்க யாருங்க ஐயா? எல்லாரும் தேனடை எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தோம்.”

தலைவர் அசைபோட்டபடியே நிழலுக்குத் திரும்பிப் போனார். சட்டம் ஓதும் வேலை அந்த வருடம் முழுக்கக் காலியாகவே இருந்தது. மீனுக்கான உத்தரவு மட்டும், சிமிழி ஒன்பது முறை நடந்த பிறகு, வந்தது.

அடைபட்டவர் தானே வெளியே வந்து தன்னைக் காட்டட்டும் என்று காத்திருக்கும் சட்டம், அடைத்து வைத்தவருக்குத்தான் காவல் நிற்கிறது.